புதிய திறப்பின் பொத்தான் கதவைத் திறக்கிறது, ஆனால் கார் ஸ்டார்ட் ஆகவில்லை (2007 ஹொண்டா அக்கோர்ட்)

ஸ்காபரோ_அப்பா கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். மகன் பல்கலைக்கழகத்துக்குப் போய்வருவதற்காகச் சென்ற மாதம் 2007ஆம் ஆண்டு ஹொண்டா அக்கோர்ட் ஒன்றை வாங்கினேன். எனக்கு முன்பு அது இரண்டு பேரின் கை மாறி வந்திருக்கிறது. காரோடு கிடைத்ததோ ஒரேயொரு திறப்பு. கதவைத் திறக்கும் பொத்தான்கள் திறப்பின் தலையிலேயே இருக்கும் வகை அது. பொருட்களைத் தொலைப்பதில் மகன் கெட்டிக்காரன் என்பதால், முதல் வேலையாக இன்னொரு திறப்புச் செய்துவைக்க எண்ணி முகவர் நிலையம் ஒன்றில் விசாரித்தேன். திறப்பின் விலை, வெட்டுக்கூலி, காரில் பதியும் கூலி எல்லாம் சேர்த்து 300 டொலருக்கு மேல் சொன்னார்கள். அந்தப் பணத்தில் இரண்டு குளிர்கால ரயர் வாங்கலாமே என்று திரும்பி வந்துவிட்டேன்.

பிறகு இணையத்தில் 30 டொலருக்கு ஒரு திறப்பை வரவழைத்து, உலோகப் பகுதியை ஒரு கடையில் வெட்டுவித்தேன். காணொளியில் காட்டியபடி பொத்தான்களையும் நானே பதிந்தேன். இக்னிஷனை ஓன் நிலைக்குத் திருப்பி, நான்கு விநாடிக்குள் பழைய திறப்பின் லொக் பொத்தானை அழுத்தி, மீண்டும் ஓவ் செய்ய வேண்டும். இப்படி மூன்று முறை செய்து, நான்காவது முறை ஓன் செய்து அழுத்தியதும் நான்கு கதவுகளும் தாமாகவே ஒருமுறை 'டக்' என்று பூட்டித் திறந்தன. உடனே பழையதையும் புதியதையும் ஒவ்வொருமுறை அழுத்தினேன், ஒவ்வோர் அழுத்தத்துக்கும் கதவுகள் பதில் சொல்லின. மகிழ்ச்சியில் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆனால் புதிய திறப்பைப் போட்டுத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறதே தவிர, இயந்திரம் பிடிக்கவில்லை. வேகமானிக்குப் பக்கத்தில் திறப்பு வடிவில் ஒரு பச்சை விளக்கு விடாமல் சிமிட்டுகிறது. பழைய திறப்பில் எல்லாம் வழக்கம்போல் இயங்குகிறது. நான் எந்தப் படியைத் தவறவிட்டேன்? காரின் கணினியில் எதையாவது கெடுத்துவிட்டேனா?

---

கராஜ்_வேலையாள் (மார்க்கம்) பதில்:

ஐயா, எதையும் நீங்கள் கெடுக்கவில்லை. படி எதையும் தவறவிடவும் இல்லை. அந்தக் காணொளி சொல்லிக்கொடுக்கும் வேலை, நீங்கள் செய்து முடித்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது என்பதுதான் விடயம்.

நாம் ஒரே பொருளாக நினைத்துக் கையில் வைத்திருக்கும் இந்தத் திறப்புக்குள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று வேலைகள் இருக்கின்றன. முதலாவது, பூட்டைத் திருப்பும் உலோக அலகு. உங்கள் அக்கோர்ட்டுக்கு அது ஓரத்தில் பல் வெட்டிய சாதாரண அலகு அல்ல, இரு பக்கத் தட்டையிலும் பாம்பு போல் வளைந்த பள்ளம் வெட்டிய அலகு. வன்பொருள் கடையில் இருக்கும் பழைய வெட்டு இயந்திரத்தால் அதை வெட்ட முடியாது. உங்களுடையது இக்னிஷனில் திரும்புகிறது என்றால் வெட்டு சரியாக இருக்கிறது. இரண்டாவது, பொத்தான்கள். அவை சி.ஆர். 1616 என்ற சிறு பற்றரியின் பலத்தில் வானொலி அலையை அனுப்புகின்றன. காரின் உடற்பகுதியில் உள்ள அலைவாங்கி அதைக் கேட்டுக் கதவைத் திறக்கிறது. நீங்கள் பதிந்தது இதை மட்டுமே.

மூன்றாவதுதான் இப்போது உங்களைத் தடுத்து நிற்பது. திறப்பின் பிளாஸ்டிக் தலைக்குள் பற்றரியே இல்லாத ஒரு சிறு சிப் இருக்கும். இக்னிஷன் பூட்டைச் சுற்றி வளையமாக ஒரு செப்புக் கம்பிச் சுருள் இருக்கிறது, நீங்கள் ஓன் செய்தவுடன் அது சிப்புக்கு மின்னாற்றலையும் கொடுத்து, "நீ யார்?" என்று கேள்வியையும் கேட்கிறது. சிப் சொல்லும் பதில் காரின் பதிவேட்டில் இருந்தால்தான் இயந்திரக் கணினி எரிபொருளை விடும். இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் சுற்றும், பெற்றோல் வராது, பச்சை விளக்கு சிமிட்டும். உங்கள் பழைய திறப்பின் பற்றரி முழுவதும் செத்துப்போன நாளிலும் கார் ஸ்டார்ட் ஆகும், ஏனென்றால் சிப்புக்கு அந்தப் பற்றரி தேவையே இல்லை. பற்றரி மாற்றினால் கார் ஸ்டார்ட் ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாரத்துக்கு ஒருவராவது அப்படி மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் கராஜுக்கு வருகிறார்.

இந்தச் சிப்பை ஹொண்டாவில் வீட்டிலிருந்து பதிவதற்கு இக்னிஷனைத் திருப்பித் திருப்பிச் செய்யும் வித்தை எதுவும் கிடையாது. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள, காரின் கணினியோடு பேசும் ஓ.பி.டி. துளையில் முகவர்களின் கருவியையோ, பூட்டுத் தொழிலாளர் வைத்திருக்கும் கையடக்கக் கருவியையோ செருகித்தான் பதிய வேண்டும். இயங்கும் திறப்பு ஒன்று கையில் இருக்கும்போது இது சிறிய வேலை. அந்தக் கடைசித் திறப்பும் தொலைந்தபின் என்றால், காரைத் தூக்கிச் செல்லும் செலவும் சேர்ந்துகொள்ளலாம். எனவே மகன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

---

எஸ்கேப்_பிரம்டன் பதில்:

கராஜ் அண்ணா சொன்னது ஹொண்டாவுக்குச் சரி, ஆனால் எல்லாக் காருக்கும் பொருந்தாது என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் உள்ளது 2013 ஃபோர்டு எஸ்கேப். அதில் சிப்பையும் சேர்த்தே வீட்டில் பதிந்தேன், ஒரு டொலர்கூடக் கூலி கொடுக்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: ஏற்கெனவே பதிந்த திறப்புகள் இரண்டு கையில் இருக்க வேண்டும்.

முறை காரோடு வந்த கையேட்டிலேயே இருக்கிறது. முதல் திறப்பைச் செருகி ஓன் செய்து, குறைந்தது மூன்று விநாடியும் மிஞ்சினால் பத்து விநாடியும் வைத்திருந்து, ஓவ் செய்து வெளியே எடுக்க வேண்டும். மூன்று விநாடி கழிந்தபின், பத்து விநாடி தாண்டுவதற்குள், இரண்டாவது திறப்பைச் செருகி அதையே செய்ய வேண்டும். அதேபோல மூன்றாவதாகப் புதிய திறப்பைச் செருகி ஓன் செய்து, ஆறு விநாடிக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான், இந்த வகைத் திறப்பில் பொத்தான்களும் அதோடு சேர்ந்தே பதிவாகிவிடுகின்றன.

எழுதும்போது எளிதாக இருக்கிறது. நான் முதல்முறை செய்தபோது மூன்று திறப்புகளும் ஒரே மாதிரி இருந்ததால் எது பழையது, எது புதியது என்று குழம்பி, பத்து விநாடி ஓடிவிட்டது. திருட்டு எச்சரிக்கை விளக்கு சிமிட்டியது. இருபது விநாடி சும்மா இருந்துவிட்டு மறுபடி தொடங்கச் சொல்கிறது கையேடு. இரண்டாவது முறை மகளை மணிக்கூட்டைப் பார்த்து உரக்க எண்ணச் சொல்லி, புதிய திறப்பில் ஒரு ரப்பர் வளையத்தையும் மாட்டிவிட்டுச் செய்தேன், சரிவந்தது. திறப்புகளை ஒரே வளையத்தில் கோத்துவைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள். பக்கத்தில் தொங்கும் சிப்பும் குறுக்கே பேசிக் குழப்பும்.

ஏன் இரண்டு கேட்கிறார்கள் என்று யோசித்தால் நியாயம் புரிகிறது. வாகனத் தரிப்பிடப் பணியாளரிடமோ கராஜிலோ நாம் கொடுத்துவிட்டுப் போவது ஒரு திறப்பைத்தான். அந்த ஒன்றை வைத்து இன்னொன்று செய்ய முடிந்தால் நாம் எந்த நம்பிக்கையில் கொடுப்பது?

---

பழைய_கார்_பிரியன் பதில்:

ஸ்காபரோ அண்ணா, செலவு செய்வதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். புதிய திறப்பை இக்னிஷனில் செருகி, பழைய திறப்பின் தலையை அதோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு திருப்புங்கள். கார் ஸ்டார்ட் ஆனால், பழைய திறப்பை ஸ்டீயரிங் மூடிக்குள் நிரந்தரமாக ஒட்டிவைத்துவிட்டுப் புதியதையே பயன்படுத்தலாம். எனது பழைய காரில் நான்கு வருடமாக அப்படித்தான் ஓடுகிறது. முகவருக்கு ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை.

---

ஸ்காபரோ_அப்பா மீண்டும்:

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு சோதித்துப் பார்த்தேன். பழையதை ஒட்டிப் பிடித்தபோது கார் முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆனது, பச்சை விளக்கும் இரண்டு விநாடியில் அணைந்துவிட்டது. ஒட்டிவைக்கும் யோசனையில் மனம் போகிறது என்றாலும், ஏதோ உறுத்துகிறது. இன்னொன்றும் கேட்க வேண்டும். இயங்கும் திறப்பைப் போட்டு ஸ்டார்ட் செய்து, அணைத்து, உடனே புதியதைப் போட்டு ஓன் செய்தால் கார் தானாகக் கற்றுக்கொள்ளும் என்று வேறொரு காணொளியில் ஒருவர் செய்து காட்டினார். அதை முயலலாமா?

---

கராஜ்_வேலையாள் (மார்க்கம்) பதில்:

உங்கள் சோதனை நீங்கள் நினைத்ததைவிட அதிகமாகச் சொல்கிறது. புதிய திறப்புக்குள்ளும் ஒரு சிப் இருந்திருந்தால், இரண்டு சிப்புகளும் ஒரே நேரத்தில் பதில் சொல்லி ஒன்றையொன்று குழப்பியிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது விளக்கு சிமிட்டியிருக்க வேண்டும். முதல் தடவையிலேயே தடையின்றி ஸ்டார்ட் ஆனது என்றால், உங்கள் 30 டொலர் திறப்புக்குள் சிப்பே இல்லையோ என்று எனக்குச் சந்தேகம் வருகிறது. முடிவான சான்று அல்ல, ஆனால் பார்த்துவிடுவது நல்லது. தலையின் பின்பக்கத்தில் உள்ள சிறு திருகாணியைக் கழற்றித் திறங்கள். பொத்தான் சுற்றுப்பலகைக்கு வெளியே, அலகு பொருந்தும் பக்கமாக, ஒரு நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிய குழி இருக்கும். அதில் கறுப்பாக ஒரு சிறு கட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். இணையத்தில் விற்பவர்கள் "ரிமோட்" என்று எழுதியிருந்தால் பொத்தான்கள் மட்டும்தான் என்று பொருள் கொள்ள வேண்டிய நிலையும் உண்டு. வாங்குமுன் சிப் உள்ளதா என்றும், பின்புறத்தில் அச்சிட்ட எஃப்.சி.சி. எண் (வானொலிக் கருவிகளுக்கான அமெரிக்க அனுமதி எண்) பழையதோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நீங்கள் பார்த்த மற்றக் காணொளி அநேகமாக ஜெனரல் மோட்டர்ஸ் கார் ஒன்றாக இருக்கும், அதுவும் அமெரிக்காவில் விற்ற கார். அந்த நிறுவனத்தின் சில பழைய கையேடுகளைப் புரட்டினால், இதே முறைக்குக் கீழே "கனேடிய உரிமையாளர்கள்" என்று தனியாக ஒரு பத்தி இருக்கும்: இங்கே விற்ற காருக்கு மேலதிகத் திறப்புப் பதிய, ஏற்கெனவே பதிந்த இரண்டு திறப்புகள் வேண்டும், தொலைத்துவிட்டால் முகவரிடம்தான் போக வேண்டும். ஒரே கார், ஒரே ஆண்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு திறப்புப் போதும், இந்தப் பக்கம் இரண்டு வேண்டும். கனடாவில் 2007 செப்டெம்பர் 1 முதல் புதிய பயணிகள் கார்களுக்கு இம்மொபிலைசர், அதாவது சரியான சிப் இல்லாமல் இயந்திரத்தை ஓடவிடாத இந்த ஏற்பாடு, கட்டாயம். அமெரிக்காவில் அப்படி ஒரு கூட்டரசுச் சட்டம் இல்லை. இதனால்தான் அங்கே இம்மொபிலைசர் இல்லாமல் விற்ற கியா, ஹூண்டாய் கார்களைச் சிறுவர்கள்கூடத் திருடிக்கொண்டு போனார்கள், இங்கே அதே கார்கள் அந்த வழியில் போகவில்லை. எனவே காணொளி பார்க்கும்போது, அது எந்த நாட்டுக் கார் என்பதையும் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். உங்கள் அக்கோர்ட்டுக்கு அந்த முறை எந்த நாட்டிலும் கிடையாது.

பழைய திறப்பை ஸ்டீயரிங் மூடிக்குள் ஒட்டுவது பற்றி: நண்பர் கோபித்துக்கொள்ள வேண்டாம். அப்படிச் செய்தால் அந்தக் காரை, சிப் இல்லாமல் வெட்டிய வெறும் உலோகத் துண்டால் யாரும் எடுத்துக்கொண்டு போகலாம். ரொறன்ரோவில் கார்த் திருட்டு எந்த அளவுக்குப் போனதென்றால், 2024 பெப்ரவரியில் ஒட்டாவாவில் அதற்கென்றே ஒரு தேசிய மாநாடு கூட்டினார்கள். இந்த நகரத்தில் நாமே பூட்டைக் கழற்றி வைப்பானேன்? அதோடு, ஒட்டிவைத்த பிறகு உங்களிடம் மிஞ்சுவது ஒரே திறப்புத்தானே; இரண்டாவது திறப்புத் தேடிப் புறப்பட்டவர் மறுபடி தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவார்.

---

மதுரை_டிசையர் பதில்:

தொலைவிலிருந்து படிக்கிறேன். முதலில் "திறப்பு" என்றால் என்னவென்று ஒரு நிமிடம் யோசித்தேன். எங்கள் சாவியைத்தான் சொல்கிறீர்கள் என்று பிறகு புரிந்தது.

அங்கே வாங்கும் ரிமோட்டை ஊருக்கு அனுப்பலாமா என்று யாராவது நினைத்தால் ஒரு எச்சரிக்கை. வட அமெரிக்கக் கார்களின் ரிமோட் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில் இயங்குகிறது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பொதுவாக 433.92. வெளித்தோற்றம் அச்சு அசலாக ஒன்றாக இருந்தாலும் காரின் காதில் விழாது. என் உறவினர் ஒருவர் அப்படி அன்போடு அனுப்பிய ரிமோட் இப்போது என் மேசையில் காகிதத்தின் மேல் பாரமாக இருக்கிறது.

எனது மாருதியில் இந்த இம்மொபிலைசருக்கு ஐகேட்ஸ் என்று பெயர். சர்வீஸ் சென்டருக்கு ஆர்.சி. என்ற பதிவுச் சான்றிதழோடு போய், இருக்கும் சாவியையும் கொடுத்துப் பதிந்துகொண்டேன். செலவு கொஞ்சம் அதிகம்தான். ஆனால் கார் திருடு போனால் இங்கே காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது இரண்டு சாவிகளையும்தான். ஒன்றுதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு விளக்கம் எழுதிக்கொண்டு அலைவதைப் பார்த்திருக்கிறேன். பழைய கார் வாங்குகிறவர்கள் விலை பேசும்போதே இரண்டாவது சாவி எங்கே என்று கேட்டுவிடுவது மேல்.

---

ஸ்காபரோ_அப்பா மீண்டும்:

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேடி வருகிறவர்களுக்குப் பயன்படும்.

சமையலறை மேசையில் வெள்ளைத் துவாயை விரித்து, மகனின் கண்ணாடி திருத்தும் திருப்புளியால் புதிய திறப்பைத் திறந்தேன். கராஜ் அண்ணா சொன்ன இடத்தில், சொன்ன அளவில் குழி இருந்தது. குழி மட்டும்தான் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கப் பழையதையும் திறந்தபோது, அதே குழியில் மூலையில் ஒட்டுப்பசையோடு கறுப்புக் கட்டி ஒன்று அமைதியாக இருந்தது. விற்றவரின் விளம்பரத்தை மீண்டும் படித்தேன். "ரிமோட், அலகுடன்" என்று எழுதியிருக்கிறார், சிப் என்ற சொல்லே இல்லை. குறை என்னுடையதுதான்.

முகவர் நிலையத்துக்குப் போகாமல், வீட்டுக்கே வந்து வேலை செய்யும் பூட்டுத் தொழிலாளர் ஒருவரை அழைத்தேன். வந்தவுடன் என் ஓட்டுநர் அனுமதியையும் காரின் உரிமைப் பத்திரத்தையும் கேட்டுப் பார்த்தபின்தான் கருவியை வெளியே எடுத்தார். அது எனக்குப் பிடித்திருந்தது. நான் வாங்கிய உறையையே பயன்படுத்தி, தன்னிடமிருந்த சிப் ஒன்றைக் குழியில் வைத்து, கருவியை ஓ.பி.டி. துளையில் செருகினார். கால் மணிநேரம்கூட ஆகவில்லை. சிப்புக்கும் கூலிக்குமாக 110 டொலர் வாங்கினார். நான் முன்பே கொடுத்த 30 டொலரையும் வெட்டுக்கூலியையும் சேர்த்தாலும், முதலில் கேட்ட தொகையில் ஏறக்குறைய பாதிதான்.

இடையில் அவர் கருவியின் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். புதியதைச் சேர்ப்பதற்கு முன்பே அந்தக் காரில் மூன்று திறப்புகள் பதிவாகியிருந்தன. என்னிடம் இருந்தது ஒன்று. மற்ற இரண்டும் முன்பு வைத்திருந்தவர்களில் யாருடைய மேசை இழுப்பறையில் கிடக்கின்றனவோ தெரியாது. அவற்றை நீக்கிவிட்டு, என் கையிலிருந்த இரண்டை மட்டும் மறுபடி பதியச் சொன்னேன். அதற்கு அவர் மேலதிகக் கூலி கேட்கவில்லை.

---

எஸ்கேப்_பிரம்டன் பதில்:

அந்த மூன்று என்ற எண்ணைப் படித்ததும் எனக்கும் யோசனை வந்துவிட்டது. எஸ்கேப்பை நானும் பழையதாகத்தான் வாங்கினேன். ஃபோர்டில் எட்டுத் திறப்புகள் வரை பதியலாம். அண்ணா, அந்தப் பூட்டுத் தொழிலாளரின் தொலைபேசி எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்ப முடியுமா?